வாசலில் ஸ்கூட்டர் நின்றால்

எங்கள் குடியாத்தம் வீட்டு வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றால், நாங்கள் வளர்ப்புப் பெற்றோராக வளர்க்கும் பாப்பா செருப்பை மாட்டிக்கொள்வாள். புத்தகப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு கொல்லைப்புறம் போய் உட்கார்ந்துவிடுவாள். அவள் பெயரை எழுத மாட்டேன், சட்டமும் அனுமதிக்காது.

வருகிறவர் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் பணியாளர். ‘நன்றாக இருக்கிறாளா?’ என்பார். ‘நன்றாக இருக்கிறாள்’ என்பேன். படிவம் நிரம்பிவிடும். நான் சொன்னது பொய். இரவில் அவள் தூங்குவதில்லை. அதைச் சொன்னால், இவர்களுக்கு வளர்க்கத் தெரியவில்லை என்று அழைத்துப் போய்விடுவார்களோ என்று பயம். வளர்ப்புப் பராமரிப்பு தத்து அல்லவே, தற்காலிகமாக வளர்ப்பதுதான்! 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, குழந்தைகள் நலக்குழுவின் ஆணையால் வந்த குழந்தை. ஆணை மாறினால் போய்விடுவாள்.

பெற்ற தாயைப் பார்த்துவிட்டு வந்த ஒரு வாரம், மூன்று இரவுகள் தொடர்ந்து படுக்கை நனைந்தது. நள்ளிரவில் அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்கு அழைத்துப் பேசினேன். அடுத்த முறை அந்தப் பெண் பணியாளர் வந்தபோது உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார். எங்கள் வீடு இவளுக்கு மூன்றாவது வீடாம். முந்தைய இரண்டு முறையும் முன்கூட்டிச் சொல்லாமல், பள்ளி விட்டதும் ஸ்கூட்டரில் ஏற்றிப் போயிருக்கிறார்கள். கோப்பில் எட்டு மாதங்களாக இருந்த அந்தச் செய்தி எனக்குத் தெரிந்திருந்தால், எத்தனை இரவுகள் வேறு மாதிரி போயிருக்கும்!

நானும் பணியாளருமாக ஆற்றுப்படுத்துநரைப் போய்ப் பார்த்தோம். தாயைப் பார்ப்பதை நிறுத்திவிடலாமா என்றுதான் இருவருமே கேட்டோம். ‘அம்மாவைப் பார்த்துவிட்டு அழுவது நோயல்ல. பார்க்கவிடாமல் செய்தால், அம்மாவுக்கு என்ன ஆனதோ என்று இன்னும் பயப்படுவாள்’ என்றார் அவர். இப்போது தாயைப் பார்த்துவிட்டு வரும் நாளில் வேறு எந்த வேலையும் வைத்துக்கொள்வதில்லை. அவளுக்குப் பிடித்த ரசம் சோறு, என் பக்கத்தில் படுக்கை, அவ்வளவுதான். பணியாளரும் வருவதற்கு முதல்நாளே தொலைபேசியில் சொல்லிவிடுகிறார். ‘நாளைக்கு அக்கா வருவார். டீ குடித்துவிட்டுப் போய்விடுவார். நீ இங்கேதான் இருப்பாய்’ என்று நான் பாப்பாவிடம் சொல்லி வைக்கிறேன். என்றைக்கும் இருப்பாய் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை.

வேலூர் பாகாயத்தில் உள்ள சிஎம்சி மருத்துவமனையின் மனநல மையத்தில் நோயாளியோடு குடும்பமும் தங்குவது பல பத்தாண்டுகளாக உள்ள வழக்கம். வேலூர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. பிறகு ஏன் வளர்ப்புப் பெற்றோர் ஒரு பக்கமும் கோப்பு ஒரு பக்கமுமாக இருக்க வேண்டும்? வளர்ப்புக்காக அரசு தரும் மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகைக்குக் கணக்கு கேளுங்கள், தவறில்லை. தூக்கத்தையும் கேளுங்கள். உண்மையைச் சொன்னால் குழந்தையைப் பறித்துவிட மாட்டோம் என்ற தைரியத்தை முதலில் கொடுங்கள்.

அடுத்த மாதம் இந்தப் பணியாளர் மாறிப் போகிறார். புதியவரை ஒருமுறை நீங்களே அழைத்து வாருங்கள் என்று கேட்டிருக்கிறேன், சரி என்றிருக்கிறார். பாப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை, தலைக்கு எண்ணெய் தேய்க்கும்போது சொல்ல வேண்டும்.