சொல் இல்லாவிட்டால் அதிகாரமும் இல்லையா?

விண்வெளி என்ற சொல்லே அமெரிக்க அரசியலமைப்பில் இல்லை, ஆகவே நாசாவுக்குக் காசு ஒதுக்குவது சட்டத்துக்குப் புறம்பு என்று ஒரு கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. 1787இல் எழுதிய ஆவணத்தில் தரைப்படையும் கடற்படையும் இருக்கின்றன, விமானப்படை இல்லை, அதற்காக அதைக் கலைத்துவிட்டார்களா? லூயிஸ், கிளார்க் இருவரும் மேற்கே போன ஆய்வுப் பயணத்துக்கு 1803இல் 2,500 டொலர் ஒதுக்கியதும் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ்தான். பாதுகாப்பு, பொதுநலன், அவற்றுக்குத் தேவையான சட்டங்கள் என்று அரசியலமைப்பு காங்கிரசுக்குத் தரும் அதிகாரங்கள் எல்லாவற்றையும் சேர்த்து வாசித்தால் நாசாவுக்கு இடம் இருக்கிறது.

ஆனால் பெயர் சொல்லாத அதிகாரம் யாருக்கு என்ற கேள்வி நல்ல கேள்வி. இங்கே இலங்கையில், மாகாணங்களுக்கு அதிகாரம் பகிரும் 13ஆம் திருத்தத்தில் பெயர் சொல்லாத விடயமெல்லாம் கொழும்புக்கே போகும், அங்கே அமெரிக்காவில் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ. யாழ்ப்பாணத்தில் இருந்து வாசிக்கிற எனக்கு அந்த வித்தியாசம்தான் முதலில் கண்ணில் படுகிறது.