பிந்தி வந்தவர்கள் ரெண்டரைக்கே எழுந்தவர்கள்

கிறிஸ்மஸ் காலை ஆராதனையில் ஐயர் (எங்கள் சபைப் போதகர்) பீடத்திலிருந்து சொன்ன அந்த அறிவிப்பைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் சபை வாட்ஸ்அப் குழுவில் ரெண்டு நாளாக ஆளாளுக்கு "சரியாகத்தானே சொன்னார்கள்" என்கிறார்கள். பெண்கள் சேலை கட்டி முடிப்பதற்குள் முதல் வேதபாடம் வாசித்து முடிந்துவிடுகிறதாம். அவர்கள் பிந்தியதற்குக் காரணம் சேலை இல்லை. இட்லி.

கணக்குப் பாருங்கள். எங்கள் தென் மாவட்டத்து நாசரேத்தானாலும் மெஞ்ஞானபுரமானாலும் பாளையங்கோட்டையானாலும், கிறிஸ்மஸுக்கு எல்லோரும் வந்து சேர்கிற பெரிய வீட்டில் முப்பது பேர் சாதாரணம். ஆளுக்கு நாலு என்றால் 120 இட்லி. இட்லிக் கொப்பரையில் ஒரு ஈட்டுக்கு 24 விழும் என்றால் ஐந்து ஈடு. வேக 12 நிமிஷம், எடுத்துவிட்டு மறுபடி மாவு ஊற்ற 5 நிமிஷம். கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரம். காலை நாலரை ஆராதனைக்கு ரெண்டாம் தடவை கோயில் மணி அடிக்கும்போது உள்ளே இருக்க வேண்டுமென்றால் ரெண்டரைக்கு அடுப்பு எரிய வேண்டும். முந்தின ராத்திரி வீடு வீடாகப் பாடிக்கொண்டு கேரல் ரவுண்ட்ஸ் வந்த நாற்பது பேருக்குக் காப்பி கொடுத்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் படுத்தவர்கள்தான் அவர்கள்.

காலைச் சாப்பாடு ஆராதனைக்கு முன்னால் தயாராக வேண்டும் என்று யார் சொன்னது? மார்கழிப் பனியில் மாவு பொங்க நேரமாகும் என்பதால் 24 மத்தியானமே அரைத்துவிடுங்கள். கறிக்குழம்பை அன்று சாயங்காலமே வைத்து, ஆறியதும் ஃபிரிட்ஜுக்குள் வைக்கலாம். தேங்காய் அரைத்து ஊற்றுவதை மட்டும் காலைக்கு வையுங்கள், ராத்திரியே ஊற்றினால் ஊசிப்போகும். ஏழு மணிக்குக் கோயிலிலிருந்து வந்து ரெண்டு அடுப்பில் ரெண்டு கொப்பரை ஏற்றினால் முக்கால் மணி நேரத்தில் எல்லோரும் சாப்பிடலாம். அதுவரை பிள்ளைகளுக்குக் கேக்கும் பாலும் போதும்.

"பலகாரத்தையெல்லாம் கடையில் வாங்கினால் இந்தக் கஷ்டமே இல்லையே" என்பார்கள். முறுக்கு, மிக்சர் வாங்குங்கள், யாரும் தடுக்கவில்லை. முந்திரிக்கொத்தை வாங்கச் சொல்லாதீர்கள். அது வீடே கூடிச் செய்கிற பலகாரம். ஒரு கிலோ சிறுபயறை வாசம் வர வறுத்து, உடைத்துத் தோல் புடைத்து, மாவாகத் திரித்து வைக்க வேண்டும். முக்கால் கிலோ கருப்பட்டிக்குப் பாகு. தேங்காய்ப்பூவை ஈரம் துளியும் இல்லாமல் வறுக்க வேண்டும், இல்லையென்றால் நாலே நாளில் சிக்கு வாடை வந்துவிடும். பாகு இளகலாக இருந்தால் உருண்டை எண்ணெயில் உடைந்து எண்ணெய் முழுக்கக் கறுத்துப்போகும். உருண்டையை முக்குகிற அரிசி மாவு நீர்த்துப்போனாலும் அதே கதிதான். ஒருவர் உருட்ட, ஒருவர் மூன்று மூன்றாக முக்கிப் போட, ஒருவர் அரித்தெடுக்க என்று ஆள் வேண்டும். இந்த வேலையை நான் குறை சொல்லவில்லை. பதம் தவறாமல் செய்தால் ரெண்டு வாரம் கெடாது, அதனால் 18, 19-லேயே முடித்துவிடலாம். அச்சு முறுக்கை 21-இல் சுடலாம். அச்சை எண்ணெயிலேயே காயவிட்டு, மாவில் முக்கால் உயரம்தான் முக்க வேண்டும். மேல் விளிம்பைத் தாண்டி மாவு ஏறினால் முறுக்கு கழன்று விழாது. இதைச் செய்ய லீவுக்கு வந்த கொழுந்தன்மாருக்கும் கை இருக்கிறது.

அடுத்தது மார்த்தாள். இயேசு வீட்டுக்கு வந்தபோது அவள் பணிவிடையில் ஓடினாள், சகோதரி மரியாள் அவர் பாதத்தண்டை உட்கார்ந்து வசனம் கேட்டாள், அவர் மரியாளை மெச்சினார். எனக்கு மிகவும் வலிப்பது இதுதான். "மார்த்தாளைப் போல ஓடாதே, மரியாளைப் போல உட்காரு" என்று வருஷம் தவறாமல் சொல்கிறார்கள். லூக்கா 10:40-ஐ எடுத்து வாசியுங்கள். மார்த்தாள் கேட்டது உதவிக்கு ஓர் ஆள். அந்த வீட்டில் ஒருவர் எழுந்து போயிருந்தால் அவளும் வந்து பாதத்தண்டை உட்கார்ந்திருப்பாள். யோவான் 12-இல் பெத்தானியாவில் விருந்து நடக்கிறது, அங்கேயும் மார்த்தாள்தான் பணிவிடை செய்கிறாள். அங்கே ஆண்டவர் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாம் ஏன் சொல்கிறோம்?

மதினிமார், சித்திமார் எத்தனையோ பேர் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இயேசு பிறந்ததைச் சொல்லும் லூக்கா 2-ஐக் கிறிஸ்மஸ் அன்று கோயிலில் உட்கார்ந்து முழுசாகக் கேட்டதே இல்லை. நற்கருணைத் திருவிருந்துக்குக்கூட ஈரக்கையோடு ஓடிவருகிறார்கள். அடுத்த தெரு இந்து வீடுகளுக்கும் முஸ்லிம் வீடுகளுக்கும் பலகாரத் தட்டு போகிறது, தீபாவளிக்கும் பெருநாளுக்கும் அங்கிருந்து வந்ததற்குப் பதில் மரியாதை அது. அந்தத் தட்டை நிரப்புகிறவள் விசுவாசம் குறைந்தவளா? அவளைப் பற்றிப் பீடத்திலிருந்து சொல்கிற பேச்சா அந்தச் சேலைப் பேச்சு?

"ஐயரைக் குறை சொல்லாதே" என்று இன்பாக்ஸில் வராதீர்கள். சபைக்கு நான் அந்நியள் இல்லை, அவர் பிரசங்கத்தை மதிக்கிறேன். அந்த ஒரு வாக்கியத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

31 இரவு பதினொன்றரைக்குப் புது வருஷம் பிறக்கிற வாட்ச்நைட் ஆராதனை. ஒன்றாம் தேதி மத்தியானம் மறுபடி முப்பது பேருக்குப் பிரியாணி. சீரகசம்பா மூன்றரைக் கிலோ, கறியும் அதே அளவு. அதற்குக் குறைந்தது ரெண்டு கிலோ வெங்காயம் உரித்து நறுக்க வேண்டும், கறியைக் கழுவித் தயிரில் ஊறப்போட வேண்டும். ரெண்டையும் 31 சாயங்காலம் ஆறு மணிக்குள் வீட்டு ஆம்பிளைகள் முடித்துக் கொடுங்கள்.