பூனைக்குச் சோறு வைக்கும் புண்ணியவான்களே

தெருப் பூனைக்குச் சோறு வைக்கிறவர்கள் எல்லோரும் நல்லவர்கள் என்று நாம் கூடி முடிவு கட்டி ரொம்ப நாளாகிவிட்டது. அதில் பாதியைத்தான் நான் ஒத்துக்கொள்வேன். எங்கள் லோரோங்கில் (சந்தில்) மழை பெய்து முடிந்தால் லோங்காங்கில் (வடிகாலில்) குட்டி மிதக்கும். அதற்குப் பாதிக் காரணம், வேளாவேளைக்குச் சோறு வைத்துவிட்டுக் கருத்தடை என்றதும் காணாமல் போகிறவர்கள். மீதிக் காரணம், குட்டிகளைப் பெட்டியில் போட்டுப் பாசாரில் (சந்தையில்) விட்டுவிட்டு வருகிறவர்கள். பல வீடுகளில் இரண்டு வேலையையும் செய்வது ஒரே ஆள். திட்ட நினைப்பவர்கள் தாராளமாகத் திட்டலாம், முழுக்கப் படித்துவிட்டு.

தைப்பூசத்துக்கு முந்தின வாரம். பினாங்குத் தீவின் ஜெலுத்தோங்கில் எங்கள் வீட்டு முன்கூடம் முழுக்கத் தண்ணீர்ப் பந்தல் சாமான். சிரப் போத்தல், பிளாஸ்டிக் தோம்பு, மஞ்சள் துணி வைத்த பெட்டி. தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகிற வழியில் நாங்கள் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து பந்தல் போடுவது வழக்கம். காரில் சாமான் ஏற்றுவதற்காகக் கதவைத் திறந்து வைத்திருந்தோம். அந்த நேரம் பார்த்து வெள்ளை, கறுப்பு, செம்மஞ்சள் என்று மூன்று நிறத்தில் ஒரு பூனை உள்ளே வந்தது. வயிறு தரையைத் தொடாத குறை. யாரையும் சட்டை செய்யாமல் கூடத்தைக் கடந்து, சாமி அறைக்குப் பக்கத்தில் இருந்த மஞ்சள் துணிப் பெட்டிக்குள் ஏறிப் படுத்துக்கொண்டது. கிள்ளானிலிருந்து தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த என் தங்கை நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். "பாத்தியா, இவளும் அம்மா வீட்டுக்கு வந்துட்டா" என்றாள்.

அம்மா விரதம். வீட்டில் மீன் வாடையே கிடையாது. ஆகவே அது மீனுக்காக வரவில்லை என்பது நிச்சயம். விடிவதற்குள் மூன்று குட்டி.

அத்தைக்கு யார் சொன்னார்களோ தெரியாது, காலையிலேயே போன். சாமி அறைப் பக்கத்தில் பூனை குட்டி போட்டால் தீட்டு, இந்த வருஷம் பந்தல் போடாதீர்கள் என்றார். பூனைக்குத் தீட்டு எத்தனை நாள் என்று நான் கேட்டது அவருக்குப் பிடிக்கவில்லை. அம்மா போனை வாங்கிச் சொன்னது இவ்வளவுதான்: "புள்ளத்தாச்சியா வாசல் ஏறி வந்தவள வெளிய தள்ளிட்டு, நான் போயி யாருக்குத் தண்ணி ஊத்தறது?" மஞ்சள் துணி புதிதாக வாங்கினோம். பந்தலும் போட்டோம்.

அத்தையின் இரண்டாவது ஆட்சேபணையை மட்டும் அப்படித் தள்ள முடியவில்லை. கர்ப்பிணி இருக்கிற வீட்டில் பூனை ஆகாது என்றார். இதில் விஷயம் இருக்கிறது. ஆனால் நம் வீடுகளில் பேசுகிற மாதிரி இல்லை. டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி பூனையின் மலத்தில் வெளியேறும். கர்ப்பக் காலத்தில் ஒரு பெண்ணுக்கு அது முதல் முறையாகத் தொற்றினால் குழந்தையைப் பாதிக்கலாம். அது உண்மை. மீதியையும் கேளுங்கள். ஒரு பூனை அதை வெளியேற்றுவது பெரும்பாலும் தனக்கு முதன்முதலாகத் தொற்றிய சமயத்தில், ஒன்றிலிருந்து மூன்று வாரம் வரைதான். வெளியே வந்ததும் உடனே அது தொற்றுவதில்லை, ஒன்றிலிருந்து ஐந்து நாள் வரை ஆகும். ஆகவே மணல் தட்டை வேறு யாராவது தினமும் சுத்தம் செய்துவிட்டால் ஆபத்து வெகுவாகக் குறைகிறது. தங்கைக்கு டாக்டர் சொன்னதும் இதுதான்: தட்டைத் தொடாதே, பூந்தொட்டி மண்ணைக் கிளறினால் கையுறை போடு, கீரையை நன்றாகக் கழுவு, அரைவேக்காட்டு இறைச்சி வேண்டாம். இந்த ஒட்டுண்ணி மனிதருக்கு வருகிற முக்கியமான வழிகளில் ஒன்று சரியாக வேகாத இறைச்சி. கர்ப்பிணிக்காகப் பூனையைத் துரத்துகிற வீடுகளில் குச்சியில் சுட்ட சாத்தே இறைச்சி ஒழுங்காக வெந்ததா என்று பார்க்கிறவர்கள் எத்தனை பேர்? தட்டு சுத்தம் செய்கிற வேலை என் தலையில் விழுந்தது, அது வேறு கதை.

இனி லோரோங்குக்கு வருவோம். இந்தப் பூனை யாருடையது என்று விசாரிக்கப் போனேன். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, எங்களுக்கு மக்சிக், காலையில் பூனை பிஸ்கட் வைக்கிறார். பின்வீட்டுச் சீன அங்கிள் மாலையில் மீன் தலை அவித்துப் போடுகிறார். கோடி வீட்டு நம்மவர்கள் தயிர் சாதம், சில நாள் பால். (பால் வேண்டாம் ஐயா. வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்குப் பால் செரிக்காது, வயிற்றால் போகும்.) மூன்று பேரும் தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள், "பாவம், நான் ஒருத்தர்தான் அதுக்குச் சாப்பாடு போடறது" என்று. சரி, குட்டி போட்டிருக்கிறது, பாதிச் செலவு தருகிறீர்களா என்றதும் மூன்று பேருக்கும் அது வேறு யார் வீட்டுப் பூனையாகவோ ஆகிவிட்டது.

இதற்கு முன்பு போட்ட குட்டிகள் எங்கே? அதைக் கேட்டபோதுதான் பாசார் கதை வந்தது. "அங்க மீன் கெடைக்கும், பொழச்சுக்கும்" என்று சொன்னவர் கெட்டவர் அல்ல, அதை நம்பித்தான் சொன்னார். எனக்கு ஆத்திரமே அந்த நம்பிக்கை மேல்தான். கண் திறந்து சில வாரங்களே ஆன குட்டிக்கு மீன் வெட்டுகிற மேசையால் என்ன பயன்? அதற்குத் தேவை தாயின் பால். பாசாரில் ஏற்கெனவே இடம் பிடித்து வைத்திருக்கிற கடுவன்கள் உண்டு, விடியற்காலையில் பின்னுக்கு வருகிற லாரிகள் உண்டு, தடுப்பூசி போடாத குட்டிக் கூட்டத்தையே சில நாளில் காலி செய்கிற பூனைக் குடல் நோய் உண்டு. பிழைப்பது ஒன்றிரண்டு. அதுவும் வளர்ந்து அங்கேயே குட்டி போடும்.

நம் ஊரில் குட்டி போடுவதற்குக் காலநேரமும் கிடையாது. குளிர் நாடுகளில் பகல் குறுகும் மாதங்களில் பெண் பூனைக்குப் பருவம் வருவது நின்றுவிடும். பினாங்கு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஐந்து டிகிரியில் இருக்கிறது, வருஷம் முழுக்க ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரப் பகல். ஆகவே வருஷம் முழுக்கப் பருவம். சுமக்கும் காலம் சுமார் ஒன்பது வாரம். நாலைந்து மாதக் குட்டியே சினைப்படலாம், தாய் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த சினை பிடிக்கலாம். இதை மக்சிக்கிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப நா போடற பிஸ்கட்டு எல்லாம் வயித்துக்குள்ள குட்டியாத்தான் போவுதா" என்றார். மலாயும் தமிழும் கலந்து பேசுவார் அவர். இதைவிடச் சுருக்கமாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

கொஞ்சம் விலகிப் போகிறேன், பூனைப் பிரியர்கள் பொறுத்துக்கொள்வார்கள். வந்தவளுக்கு வால் குட்டை, நுனியில் ஒரு முடிச்சு. யாரோ கதவில் வைத்து நசுக்கியிருக்கிறார்கள் என்று தங்கை அழுதேவிட்டாள். நசுக்கவெல்லாம் இல்லை, நம் வட்டாரத்துப் பூனைகளுக்குப் பிறவியிலேயே இப்படி உண்டு. மலாய்த் தீவுக்கூட்டத்திலும் சயாமிலும் பர்மாவிலும் பூனைகளின் வால் பாதி நீளத்தில், நுனியில் முடிச்சோடு இருப்பதாக டார்வினே 1868இல் எழுதியிருக்கிறார். நிறமும் வேடிக்கைதான். மூன்று நிறம் என்றால் அநேகமாகப் பெண், ஏனென்றால் செம்மஞ்சளைத் தரும் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது; செம்மஞ்சளும் கறுப்பும் சேர்ந்து வர இரண்டு எக்ஸ் வேண்டும், ஆணுக்கு வழக்கமாக ஒன்றுதான். அது எந்த மரபணு என்று ஜப்பானிலும் அமெரிக்காவிலும் தனித்தனியாகக் கண்டுபிடித்து வெளியிட்டதே 2025இல்தான். ஆண் குட்டிக்கு எக்ஸ் தாயிடமிருந்து மட்டும் வருவதால், அவன் செம்மஞ்சளா கறுப்பா என்பது தாய் கொடுக்கிற சீட்டு. எங்கள் பெட்டியில் ஒரு செம்மஞ்சள் பையன், ஒரு கறுப்புப் பையன், தாயைப் போலவே ஒரு மூன்று நிறப் பெண். மாமாக் சாப்பாட்டுக் கடையின் செம்மஞ்சள் கடுவன், அந்த ஓயென்தான் அப்பன், நிறத்தைப் பார்த்தாலே தெரியவில்லையா என்று லோரோங்கே அடித்துச் சொன்னது. அந்தப் பையன் நிறத்தை வைத்து அந்த ஓயென் மேல் பழி போட முடியாது!

ஆர்மேனியன் வீதிப் பக்கம் போயிருக்கிறீர்களா? 2013 ஜார்ஜ்டவுன் விழாவுக்காகத் தெரு விலங்குகளுக்காகக் குரல் கொடுக்கும் ஓவியர்கள் சேர்ந்து அங்கே சுவர்களில் பூனைகளை வரைந்தார்கள். கைவிடப்பட்ட விலங்குகளைப் பற்றி ஜனங்கள் யோசிக்க வேண்டும் என்பதுதான் அதன் நோக்கமே. இன்று அந்தச் சுவர்ப் பூனையோடு படம் எடுக்க வெயிலில் வரிசையில் நிற்கிறோம். எதற்காக வரைந்தார்கள் என்று கேட்டால் வரிசையில் பாதிப் பேருக்குச் சொல்லத் தெரியாது.

வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், மாநகர் மன்றத்துக்குப் போன் போட்டால் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று எழுதினார். பிடித்துக்கொண்டு போனபின் என்ன ஆகும் என்று அவர் எழுதவில்லை. 2015இல் வெறிநோய் பயத்தில் இதே பினாங்கில் தெருநாய்களைக் கொன்றதும், அதற்கு எழுந்த எதிர்ப்பும் மறந்துவிட்டதா? மூன்று வீட்டில் சாப்பாடு வைப்பதை நிறுத்தாமல், இருக்கிற பூனையை மட்டும் அகற்றினால், காலியான இடத்துக்கு அடுத்த லோரோங்கிலிருந்து வேறொன்று வரும். வருவது அநேகமாகக் கருத்தடை செய்யாததாக இருக்கும். அதையே பிடித்து, அறுவை செய்து, அதே இடத்தில் திரும்ப விட்டால் அது தன் இடத்தைக் காத்துக்கொள்ளும், குட்டியும் போடாது. மயக்கத்தில் இருக்கும்போதே காது நுனியை நேராக நறுக்கிவிடுவார்கள். தூரத்திலிருந்து பார்த்தாலே தெரியும், இது முடிந்த கேஸ், திரும்பப் பிடிக்க வேண்டாம் என்று.

சட்டம் வேண்டும் என்கிறவர்களுக்கு: சட்டம் இருக்கிறது. 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் 2017 ஜூலையில் நடப்புக்கு வந்தது. விலங்கைக் கொடுமைப்படுத்தினால் 20,000 முதல் 100,000 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) வரை அபராதம், அல்லது மூன்று வருஷம் வரை சிறை, அல்லது இரண்டும். 2018இல் கோம்பாக்கில் சலவைக் கடை உலர்த்தி இயந்திரத்துக்குள் சினைப்பூனையைப் போட்டுக் கொன்ற வழக்கில் சிறைத் தண்டனையே கிடைத்தது. அந்த காணொளியைப் பார்த்து நாடே கொதித்தது, நானும்தான். ஆனால் உலர்த்தியில் போடுகிற கொடூரன் அபூர்வம். பெட்டியில் போட்டுப் பாசாரில் வைக்கிற சாதுவான ஆள் எல்லா லோரோங்கிலும் இருக்கிறார், அவர் சாமியும் கும்பிடுகிறார்.

கருத்தடை பாவம் என்கிற வாதத்துக்கு வருகிறேன். மக்சிக்குக்கு அந்தத் தயக்கம் இருந்தது. அவர் மகன் உட்காரவைத்து விளக்கினான், தேவை இருந்தால் செய்யலாம் என்று இஸ்லாமிய மார்க்கத் தீர்ப்புச் சொல்லும் தேசிய ஃபத்வா குழுவே சொல்லியிருக்கிறது என்று. மறுநாள் பணத்தை உறையில் போட்டுக் கொடுத்துவிட்டார். அங்கிள் கேள்வியே கேட்கவில்லை, எவ்வளவு என்று மட்டும் கேட்டார். கோடி வீட்டில்தான் "வயித்தக் கிழிக்கறது இயற்கைக்கு விரோதம்" என்று நீண்ட உபன்யாசம். ரதத்துக்கு முன்னால் மூட்டை மூட்டையாகத் தேங்காய் உடைக்கிற வீடு அது. அடுத்த வருஷம் ஒரு மூட்டை குறைந்தால் முருகன் கணக்குக் கேட்கப்போவதில்லை என்று சொன்னேன். முகத்தைத் தூக்கிக்கொண்டார்கள். இந்தப் பதிவைப் படித்தால் இன்னும் கொஞ்சம் தூக்கிக்கொள்வார்கள், பரவாயில்லை. குட்டி லோங்காங்கில் செத்துக் கிடப்பது இயற்கை, அறுவை மட்டும் செயற்கையா? நாலு பேர் பணம் போட வேண்டியதை மூன்று பேர் போட்டோம்.

பெண் பூனைக்கு வயிற்றைத் திறந்து செய்கிற அறுவை என்பதால் ஆணைவிடச் செலவு கூடுதல். விலங்கு நலச் சங்கங்கள் சில குறைந்த கட்டணத்தில் செய்ய உதவுகின்றன, கேட்டுப் பாருங்கள். குட்டிகள் பால் மறக்கும் வரை காத்திருந்து கூட்டிப் போனோம். பிடிப்பதற்குள் எனக்குக் கை முழுக்கக் கீறல். இப்போது அம்மணிக்கு ஒரு காது நுனி இல்லை. வழக்கம்போல் காலையில் பிஸ்கட், மாலையில் மீன் தலை. இரவில் எங்கள் வீட்டு ஷூ ராக் மேல்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கறுப்புப் பையனை அங்கிளின் பேத்தி எடுத்துக்கொண்டாள். செம்மஞ்சளும் மூன்று நிறமும் இன்னும் எங்களிடம். இரண்டுக்கும் பூச்சி மருந்தும் முதல் தடுப்பூசியும் ஆகிவிட்டது, மணல் தட்டில் போகத் தெரியும். பினாங்குத் தீவிலோ பட்டர்வொர்த் பக்கமோ இருக்கிறவர்கள் இன்பாக்ஸ் வரலாம். இரண்டையும் சேர்த்து எடுப்பவர்களுக்கு முன்னுரிமை. அடுக்குமாடி வீடு என்றால் நிர்வாக விதியை முதலில் படித்துவிடுங்கள். 2015ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டா (அடுக்குமாடி நிர்வாக) விதிமுறையில் மற்றவர்களுக்குத் தொல்லையோ ஆபத்தோ தருகிற விலங்கைத்தான் வைக்கக் கூடாது என்று இருக்கிறது. எழுத்தில் அறிவிப்பு வந்தால் மூன்று நாளில் அகற்ற வேண்டும். சன்னலுக்கு வலை கட்டாயம். கருத்தடைக்கான பணத்தில் பாதியை இப்போதே தர வேண்டும், மீதியை நாங்கள் போடுகிறோம், அந்தந்த வயதில் கிளினிக்குக்கு நானே கூட வருவேன்.

"பெண் குட்டி வேண்டாம், ஓயென் மட்டும்" என்று ஏற்கெனவே கேட்டிருக்கும் மூன்று பேருக்கும் பதில் போடவில்லை, போடப்போவதும் இல்லை.