கில்லியன் வெல்ச்: தன் பாட்டைத் தன் கையிலேயே வைத்திருப்பவர்

பெரிய இசைக் கம்பெனி கதவைத் திறக்காததால்தான் ஒருவர் சுயாதீனக் கலைஞர் ஆகிறார் என்று நிறைய பேர் நம்புகிறார்கள். அமெரிக்கானா, ஆல்ட்-கன்ட்ரி (அமெரிக்க நாட்டுப்புற, கன்ட்ரி இசையிலிருந்து கிளைத்த பாணிகள்) பக்கம் காது கொடுப்பவர்களிடம் இதைச் சொன்னால், அப்படியில்லை என்று முதலில் பாடகி கில்லியன் வெல்ச்சைத்தான் காட்டுவார்கள்.

1996இல் முதல் ஆல்பம் வந்தபோதே அவர் மீது ஒரு குற்றச்சாட்டு. கிழக்கு அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைக்காரர்களின் துயரத்தைப் பாட லாஸ் ஏஞ்சல்ஸில் வளர்ந்தவருக்கு என்ன உரிமை என்று கேட்டார்கள். பெற்றோர் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு இசை எழுதியவர்கள், இவரோ பாஸ்டனில் பெர்க்லி இசைக் கல்லூரியில் படித்தவர். எனக்கு இந்தக் கேள்வியே பிடிக்கவில்லை. வளர்ந்த ஊரைப் பார்த்தா பாட்டை எடைபோடுவது? அந்தக் குரலைக் கேட்டுவிட்டுப் பேசட்டும்.

அவரை வெளியிட்டுவந்த நிறுவனம் கைமாறியதும், இன்னொரு கம்பெனியைத் தேடிப் போகாமல் தன் இசைக் கூட்டாளி டேவிட் ராலிங்ஸுடன் சேர்ந்து அகோனி ரெக்கார்ட்ஸ் என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். (ஆல்பங்கள் பெரும்பாலும் வெல்ச் பேரில் வந்தாலும் பாட்டிலும் கிதாரிலும் பாதி ராலிங்ஸுடையது.) 2001இல் அதில் வந்த முதல் ஆல்பத்தை நாஷ்வில் நகரின் பழைய ஆர்சிஏ ஸ்டூடியோ பி-யில் பதிவு செய்தார்கள். பெரும்பாலும் இரண்டு குரல், இரண்டு கருவி, அவ்வளவுதான். கடைசிப் பாட்டு கிட்டத்தட்ட கால் மணி நேரம்! அது வேறு யார் கையில் இருந்திருந்தாலும் கத்தரி போட்டிருப்பார்கள்.

நாப்ஸ்டர் என்ற இணையக் கோப்புப் பகிர்வுச் சேவையில் பாட்டெல்லாம் இலவசமாக ஓடிக்கொண்டிருந்த சமயம் அது. காசு வராவிட்டாலும் பாடத்தான் போகிறேன், ஆனால் வீட்டிலேயே பாடிக்கொள்கிறேன் என்ற பொருளில் அதே ஆல்பத்தில் ஒரு பாட்டு உண்டு. ஸ்ட்ரீமிங்கில் சில்லறை எண்ணும் இன்றைய பாடகர்கள் அதை மறுபடி மறுபடி பாடுவதில் ஆச்சரியமே இல்லை.

சரி, பாட்டைச் சொந்தமாக வைத்துக்கொள்வதற்கும் ஒரு விலை உண்டு. பாட்டு வெளியீட்டு ஒப்பந்தம் ஒன்றிலிருந்து விடுபடுவதற்காகச் சில நாட்களுக்குள் 48 பாட்டுகளைச் சேர்த்து முடித்துக் கொடுத்தார்கள். அவை வெளிவராமல் பெட்டியிலேயே கிடந்தன. 2020 மார்ச்சில் நாஷ்வில்லைத் தாக்கிய சூறாவளி அவர்களுடைய உட்லண்ட் ஸ்டூடியோவின் கூரையைப் பிய்த்தது. மழை உள்ளே கொட்ட, இருவரும் இருட்டில் டேப்புகளைக் காப்பாற்றினார்கள். அந்த ஆண்டே அந்த 48 பாட்டுகளும் மூன்று தொகுதிகளாக வந்தன.

2003க்கும் 2011க்கும் இடையில் அவர் பேரில் ஆல்பமே கிடையாது. எழுதியது திருப்தியாக இல்லை, அதனால் வெளியிடவில்லை. எட்டு வருடம் காத்திருக்க எந்தக் கம்பெனி சம்மதிக்கும்? இசைத்தட்டு வெட்டும் (தட்டில் ஒலியைச் செதுக்கும்) இயந்திரத்தைக்கூட அவர்களே வாங்கிவைத்து, தங்கள் தட்டுகளைத் தங்கள் தரத்தில் வெட்டினார்கள். 2024இல் வந்த ஆல்பத்துக்கு ஸ்டூடியோவின் பெயரையே வைத்தார்கள், அடுத்த வருடம் சிறந்த ஃபோக் ஆல்பத்துக்கான கிராமியும் அதற்குத்தான்.

புதிதாகக் கேட்பவர்கள் அந்த 2001 ஆல்பத்தில் தொடங்குங்கள். ஹெட்போன் மாட்டிக்கொண்டு ராலிங்ஸின் 1935 எபிஃபோன் கிதாரைக் கவனியுங்கள். அப்புறம் 2011 ஆல்பத்துக்குப் போகலாம்.