ஒப்பாரி நாடகம்தான், அதுக்கென்ன?

மனசுல இருக்கறதை வரைங்க, டைரி எழுதுங்க, களிமண்ணைப் பிசைங்கன்னு இப்ப ஊருக்கு ஊர் வகுப்பு நடத்துறாங்க. நல்லதுதான், குறை சொல்லலை. ஆனா அதுக்கெல்லாம் கைதட்டுற ஆளுங்களே துக்க வீட்டுல ஒரு கிழவி ஒப்பாரி எடுத்தா முகம் சுளிக்கிறாங்க. "என்னமா நாடகம் போடுது பாரு"ன்னு என் காதுபடவே ஒருத்தர் சொன்னார்.

நாடகம்தான். இருந்துட்டுப் போகட்டுமே.

கிட்ட உட்கார்ந்து பார்த்தவங்களுக்குத் தெரியும். பெண்கள் வட்டமா உட்கார்ந்து, ஒருத்தர் தோளை ஒருத்தர் கட்டிக்கிட்டு, தலையோட தலை சேர்த்து ஆடுவாங்க. ஒருத்தி அடி எடுத்துக் கொடுப்பா, மத்தவங்க கடைசிச் சொல்லை இழுப்பாங்க. விசும்பல்கூட அடி முடியற இடத்துலதான் விழும். எங்க பெரியப்பா சாவுல அப்பத்தா நடுவுல நிறுத்தி, முந்தானையில மூக்கைத் துடைச்சிட்டு, "தேர் கட்ட ஆளு வந்தாச்சா?"ன்னு கேட்டுச்சு. பதில் வந்ததும் விட்ட அடியை அப்படியே பிடிச்சுது. பொய் அழுகைன்னு யாராவது சொல்ல முடியுமா? செத்துக் கிடந்தது அது பெத்த மகன்.

கூரை வீட்டுல செத்தவனையும் தங்கக் கட்டில்ல படுத்த ராஜாவாக்கிடும் அந்தப் பாட்டு. அதோட நிக்காது. கோடித்துணி எடுத்துட்டு வராத அண்ணன், கஞ்சி ஊத்தாத மருமக, வரப்பை வெட்டின பங்காளி எல்லாரும் வரிசையா உள்ள வருவாங்க. இதையே வேற நாள்ல திண்ணையில உட்கார்ந்து சொல்லியிருந்தா வாயை அடைச்சிருப்பாங்க. ராகத்துல வந்தா எவனும் குறுக்க பேச முடியாது. அந்தப் பங்காளி அங்கேயே தலையைக் குனிஞ்சு நிக்கணும்.

செத்தவங்களை நினைச்சுப் புலம்பற பாட்டுக்குப் புறநானூற்றுல கையறுநிலைன்னு துறையே இருக்கு. 112-ஆம் பாட்டுல பாரி மகளிர் அழுததாவே ஒரு சொல் கிடையாது. போன மாசம் இதே நிலாவுல அப்பா இருந்தார், குன்றும் நம்மகிட்ட இருந்துச்சு. இந்த மாசம் ரெண்டும் இல்லை. அஞ்சே வரி.

பழசெல்லாம் பொன்னுன்னு சொல்ல வரலை. பண்ணையார் செத்தா சேரிப் பெண்கள் போய் மாரடிச்சே ஆகணும்னு பல ஊர்ல கட்டாயம் இருந்துச்சு. அது அடிமை வேலை, ஒழிய வேண்டியதுதான். ஒரு பொம்பளை மனசைத் திறக்க ஒரு சாவு விழணும்ங்கிறதும் கொடுமைதான்.

ஆம்பளைங்க கதை இன்னும் மோசம். பந்தலுக்கு வெளிய பிளாஸ்டிக் நாற்காலியில உட்கார்ந்து ஐஸ் பெட்டி வாடகையும் வண்டிக் கணக்கும் பேசுவாங்க. எங்க சித்தப்பா கூடப் பிறந்த அண்ணனுக்கு அழுததே டாஸ்மாக் போயிட்டு வந்த பிறகுதான். மறுநாள் அதுக்கும் வெட்கப்பட்டுக்கிட்டு யார் முகத்தையும் பார்க்கலை. வகுப்பு நடத்துறவங்க முதல்ல இந்த மாதிரி ஆளுங்களைத் தேடிப் போங்கய்யா. களிமண்ணோ உறுமியோ, எதையாவது அவங்க கையில கொடுங்க.