ஜாம்பி படம் பிடிக்கணும்னா எத்தனை மார்க் எடுக்கணும்?

முந்தாநாள் அந்த ஹாலிவுட் ரசிகர் குழுவுல நடந்த கூத்தை நிறைய பேர் பார்த்திருப்பீங்க. ஸ்க்ரீன்ஷாட்டும் சுத்திட்டுதான் இருக்கு, என் பேர் மேல சிவப்பு வட்டம் போட்டு. நேத்து பூரா ஒண்ணும் எழுதாம இருந்தேன். எழுதினா "பாருங்க, எரியுது"ன்னு சொல்வாங்கன்னு தெரியும். சொல்லிட்டுப் போகட்டும். எரியத்தான் செய்யுது.

நான் போட்டது ஒரே ஒரு வரி. ஸாக் கிரெக்கர்ங்கற இயக்குநர், ஜாம்பி வீடியோ கேமை வெச்சு வந்த ரெசிடென்ட் ஈவில் படத்தைப் புதுசா எடுக்கிறார்னு செய்தி வந்ததுல இருந்து, பழைய படங்கள்ல எது தேறும்னு அங்க ஒரே விவாதம். "எனக்கு ரொம்பப் பிடிச்சது ரெண்டாவது படம், அபோகலிப்ஸ்"னு எழுதினேன். அவ்வளவுதான். உலகத்தின் தலைசிறந்த படம்னு சொல்லல. ஆஸ்கர் குடுங்கன்னு கேட்கல. பிடிக்கும்னு சொன்னேன். உடனே ஒரு தம்பி: "மேடம் கேம் விளையாடியிருக்கீங்களா?" ஆமாங்கறேன். "அப்போ மூணாவது கேம்ல ஜில்லுக்கு மருந்து கொண்டு வர்றது யாரு, சொல்லுங்க பார்ப்போம்."

சொன்னேன். கார்லோஸ். மணிக்கூண்டுல நெமிசிஸ்ங்கற ராட்சசப் பிராணி, கேமோட நாயகி ஜில்லைக் குத்தி வைரஸை ஏத்திடும், அவ மயங்கிக் கிடப்பா, கார்லோஸ் ஆஸ்பத்திரிக்குப் போய் தடுப்பு மருந்து எடுத்துட்டு வருவான், அந்தக் கட்டத்துல நாமதான் கார்லோஸா விளையாடணும். இவ்வளவும் எழுதினேன். பதில் என்ன தெரியுமா? "கூகுள் வாழ்க." அதுக்குக் கீழ வரிசையா சிரிப்பு.

சரி, ஒண்ணைத் தெளிவா சொல்லிடறேன். ஒரு படம் பிடிச்சிருக்குன்னு சொல்றதுக்கு யாரும் பரீட்சை எழுத வேண்டியதில்ல. நான் அந்தக் கேமை விளையாடினவ. விளையாடாதவளா இருந்தாலும் எனக்கு அந்தப் படம் பிடிக்கலாம். டிக்கெட் எடுத்தவன், டிவியில பார்த்தவன், பாதியில இருந்து பார்த்தவன், எல்லாருக்கும் அபிப்பிராயம் உண்டு. அது தப்பான அபிப்பிராயமா இருந்தா படத்தை வெச்சு வாதாடுங்க. ஹால் டிக்கெட் கேட்காதீங்க.

கேம் கதைக்கே வரேன், கேட்டுட்டீங்கல்ல. நான் ப்ளஸ் ஒன் படிச்சப்போ எங்க தெருமுனையில ஒரு ப்ளேஸ்டேஷன் கடை. மாடிப்படிக்குக் கீழ நாலு டிவி, மணிக்கு இருபது ரூபாய். தம்பியைக் கூட்டிட்டுப் போற சாக்குல நானும் போவேன். முதல் நாளே கடைக்கார அண்ணன் என்னைப் பார்த்து, "பாப்பா, கார் ரேஸ் போடட்டுமா?"ன்னார். வேண்டாம், அந்தப் பேய் கேமைப் போடுங்கன்னேன். 1999ல வந்த மூணாவது பாகம், நெமிசிஸ். பக்கத்து டிவி பசங்க திரும்பித் திரும்பிப் பார்த்தாங்க.

அந்தக் கேம்ல நினைச்ச இடத்துல சேவ் பண்ண முடியாது. டைப்ரைட்டர் இருக்கிற அறையைக் கண்டுபிடிக்கணும், கையில மை ரிப்பன் இருக்கணும். அதுக்கு மேல எங்க கடையில இன்னொரு சிக்கல்: மெமரி கார்டு கடையோடது. இருக்கறதே பதினஞ்சு கட்டம், ஊருக்கே பொது. கஷ்டப்பட்டு மணிக்கூண்டு வரைக்கும் போய் சேவ் பண்ணிட்டு வந்தா, அடுத்த வாரம் அந்த இடத்துல எவனோ ரெஸ்லிங் கேமை சேவ் பண்ணி வெச்சிருப்பான். திரும்ப முதல்ல இருந்து. பத்திரமான அறைன்னு நினைச்சு நிம்மதியா நின்னா, கதவைத் தாண்டியும் துரத்திட்டு வரும் அந்த நெமிசிஸ். "ஸ்டார்ஸ்"னு, ஜில் இருந்த போலீஸ் படையோட பேரைச் சொல்லி அது உறுமுறது இப்பவும் காதுல இருக்கு. கூகுள் வாழ்கவாம்.

அதனாலதான் 2004ல வந்த அந்தப் படம் எனக்குப் பிடிச்சது. முதல் படத்துல, 2002ல வந்ததுல, கேம்ல இருந்த முக்கியமான ஆள் ஒருத்தர் கூடக் கிடையாது. ஆலிஸ்னு புதுசா ஒரு பாத்திரம், பூமிக்கு அடியில ஒரு ஆராய்ச்சிக் கூடம். அபோகலிப்ஸ்லதான் கேம் நடக்கிற ராக்கூன் நகரம் முழுசா வந்தது. கார்லோஸ் வந்தான், நிக்கோலாய் வந்தான், நெமிசிஸ் ராக்கெட் லாஞ்சரோட வந்தது. ஜில் வேலன்டைன் அதே நீல மேலாடையோட போலீஸ் ஸ்டேஷனுக்குள்ள நடந்து வந்து, பேச்சே இல்லாம ஜாம்பிகளைச் சுட ஆரம்பிச்சா பாருங்க, சியென்னா கில்லரி. நடை, திரும்புற விதம், துப்பாக்கி பிடிக்கிற கோணம் எல்லாம் அந்த டிவியில பார்த்த ஜில்லே. எங்க கேம் இல்லையேன்னு இருபது வருஷமா அழறவங்க, இருக்கிற அந்த ஒரு படத்தைத்தான் ரொம்பத் திட்டுறாங்க. எனக்கு இது புரியவே இல்ல.

இன்னொண்ணு. வினாத்தாள் கொடுத்த தம்பிக்கு இது தெரியுமான்னு தெரியல. கேம்ல கார்லோஸ் மருந்து கொண்டு வந்து ஜில்லைக் காப்பாத்துறான். படத்துல கடி வாங்கறது கார்லோஸ். மருந்தைப் போட்டு அவனைக் காப்பாத்துறது ஆலிஸ். அப்படியே திருப்பிப் போட்டிருக்காங்க. அதைப் பத்தி ஒரு வரி பேசியிருந்தா நானும் ராத்திரி பூரா உட்கார்ந்து பேசியிருப்பேன். பேச வரலையே, தப்புப் பிடிக்க வந்தீங்க.

இப்ப வரும், தெரியும்: "ஆலிஸ் கேம்லயே கிடையாதே! ஜில்லை ஓரம் கட்டிட்டாங்களே!" நியாயம். சர்ச்ல ஜில் ஜாம்பி மிருகங்களுக்கு நடுவுல மாட்டிக்கிட்டு நிக்கறப்போ, ஆலிஸ் வண்ணக் கண்ணாடியை உடைச்சுட்டு பைக்ல பறந்து வந்து எல்லாத்தையும் முடிச்சுடுவா. ஜில்லுக்கு அநியாயம்தான். ஆனா அந்த பைக் வர்றப்போ கை தட்டாதவங்க யாரு, முன்னால வாங்க.

"சண்டைக் காட்சியில ஒண்ணும் புரியாது, கேமராவை ஆட்டிக் கொன்னுட்டாங்க." ஆமா. இதுக்கு என்கிட்ட பதில் இல்ல. அடுத்து.

"நெமிசிஸை நல்லவனாக்கிட்டாங்க." இதுக்குத்தான் உண்மையிலேயே கோபம் வருது. முதல் படத்துல ஆலிஸோட உயிர் தப்பின மேட்தான் நெமிசிஸ். வைரஸை உருவாக்கின அம்ப்ரெல்லா கம்பெனி அவனைத் தூக்கிட்டுப் போய் அறுத்து அப்படி ஆக்கி வெச்சிருக்கு. அந்தக் கம்பெனி ஆளு மேஜர் கெய்ன் ரெண்டு பேரையும் அடிச்சுக்கச் சொல்லி வேடிக்கை பார்க்கிறான். ஆலிஸ் அந்தக் கண்ணைப் பார்த்து அடையாளம் கண்டுட்டு, இனி அடிக்க மாட்டேன்னு நிக்கறா. கேம்ல இது இல்லதான். கேம்ல நெமிசிஸுக்கு முகமே தேவையில்ல, துரத்தினா போதும். ஒன்றரை மணி நேரப் படத்துல துரத்திட்டே இருந்தா எழுந்து போயிடுவீங்க. எனக்கு அந்தக் காட்சியில தொண்டை அடைச்சது. ரப்பர் முகமூடி போட்ட ஆளைப் பார்த்து அழுதியான்னு கேட்டா, ஆமா, அழுதேன். இதையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கோங்க.

"ஜாம்பி படங்களுக்கே பேர் போன ஜார்ஜ் ரொமேரோ முதல் படத்துக்கு எழுதின திரைக்கதையைத் தூக்கிப் போட்டுட்டாங்களே, அது வந்திருந்தா..." வந்திருந்தா நல்லாவே இருந்திருக்கும். வராத படத்தைக் காட்டி வந்த படத்தை எத்தனை நாள் அடிப்பீங்க?

கேமை அப்படியே எடுக்கணும்னு கேட்டீங்க, 2021ல வெல்கம் டு ராக்கூன் சிட்டி எடுத்துக் குடுத்தாங்க. ஆலிஸ் கிடையாது. மாளிகை, போலீஸ் ஸ்டேஷன் எல்லாம் கேம்ல இருக்கிற மாதிரியே செட் போட்டாங்க. ஓடிச்சா? உலகம் பூரா சேர்த்து நாலு கோடி டாலர் சொச்சம். அபோகலிப்ஸ் அந்தக் காலத்துலயே நாலரைக் கோடி போட்டு கிட்டத்தட்ட பதிமூணு கோடி எடுத்தது. கொரோனா நேரம்னு சொல்வீங்க, சரி, வெச்சுக்கோங்க. ஆனா அதே படத்துக்கு இதே குழுவுல "கேம் ஹீரோ லியோனைக் கோமாளி ஆக்கிட்டாங்க"ன்னு எத்தனை பதிவு! உங்களை யார்தான் திருப்திப்படுத்த முடியும்?

விமர்சகர்களும் ஒண்ணும் சளைச்சவங்க இல்ல. ரோஜர் ஈபர்ட் எவ்வளவு பெரிய ஆள், எனக்கும் அவர் எழுத்துன்னா உயிர். அபோகலிப்ஸுக்கு அரை நட்சத்திரம் போட்டார். போடட்டும், அவர் உரிமை. ஆனா கடைசியில, இந்தப் படம் பிடிச்சிருக்குன்னு சொல்ற டீன் ஏஜ் பசங்களோட உங்க பிள்ளைங்களைப் பழக விடாதீங்கன்னு பெற்றவங்களுக்கு அறிவுரை வேற. வேடிக்கைக்குத்தான் எழுதியிருக்கார், புரியுது. ஆனா படத்தைத் திட்டறதுல இருந்து பார்த்தவனைத் திட்டறதுக்கு எவ்வளவு சுலபமா தாவிடறாங்க பாருங்க. முந்தாநாள் என் விஷயத்துல நடந்ததும் அதே தாவல்தான். யாரும் படத்தைப் பத்திப் பேசவே இல்ல. நான் யாரு, எனக்கு என்ன தெரியும், அதுதான் விவாதம்.

எங்க அம்மா விமர்சனத்தைக் கேளுங்க. அம்மாவுக்குக் கேமும் தெரியாது, அம்ப்ரெல்லாவும் தெரியாது. ஒரு ஞாயித்துக்கிழமை நான் படம் போட்டுட்டு உட்கார்ந்திருக்கேன், கீரை ஆய்ஞ்சுக்கிட்டே பக்கத்துல உட்கார்ந்தாங்க. பாலத்துல கேட்டை மூடற காட்சி. ஊர் ஜனம் மொத்தமும் வெளிய போக நிக்குது, குழந்தை குட்டிங்களோட, இன்னும் கடி படாதவங்க. கெய்ன் கேட்டை மூடிட்டு, திரும்பிப் போங்கன்னு மைக்ல சொல்லி, துப்பாக்கியைக் காட்டி விரட்டுறான். அம்மா கீரையைக் கீழ வெச்சுட்டாங்க. "இவன்தான் பேய். அதுங்க பாவம், பசிக்குக் கடிக்குது. இவனை அதுங்ககிட்ட தூக்கிப் போடணும்." கடைசியில ஹெலிகாப்டர்ல இருந்து கெய்னை அப்படியே ஜாம்பிக் கூட்டத்துல தூக்கிப் போடுவாங்க. அம்மா எழுந்து அடுப்பைப் பார்க்கப் போனாங்க, அவ்வளவு திருப்தி.

அந்தப் படத்தைப் பத்தி இதைவிடச் சரியா எழுதின ஒரு பதிவை நான் அந்தக் குழுவுல படிச்சதில்ல. எங்க அம்மாகிட்டயும் போய்க் கேளுங்க, "ஆன்ட்டி, மூணாவது கேம்ல மருந்து கொண்டு வர்றது யாரு?"

"பொம்பளைன்னு கேட்கல, எல்லார்கிட்டயும்தான் கேட்போம்"னு ஒருத்தர் இன்பாக்ஸ்ல வந்து சொல்றார். அப்படியா? அதே பதிவுல எனக்கு மேல ஒரு அண்ணன் "அபோகலிப்ஸ் மாஸ்"னு எழுதியிருக்கார். மாஸ், அவ்வளவுதான், வேற ஒரு எழுத்து இல்ல. அவர்கிட்ட யாரும் மணிக்கூண்டு கேட்கல. ஒருத்தர் ஹார்ட் கூடப் போட்டிருக்கார். கிரிக்கெட் பேசினா ஆஃப்சைட் விதி சொல்லுன்னு ஃபுட்பால் கேள்வி கேட்கிற ஆளுங்களையும் பார்த்திருக்கேன், புல்லட் ஓட்டறேன்னா "ஸ்டாண்டு போடத் தெரியுமா"ன்னு கேட்கிறவங்களையும் பார்த்திருக்கேன். கார் ரேஸ் போடட்டுமான்னு கேட்ட அந்தக் கடைக்கார அண்ணனே தேவலாம். கேட்டார், சொன்னேன், கேமைப் போட்டுக் குடுத்துட்டார். திரும்ப ஒரு நாளும் கேட்கல.

முகம் தெரியாத பசங்க சிரிச்சதைக் கூட மறந்துடுவேன். அந்தச் சிரிப்பு வரிசையில தெரிஞ்ச பேர் ஒண்ணு இருந்தது. பேர் சொல்ல மாட்டேன், நீங்க இதைப் படிப்பீங்க. அபோகலிப்ஸை நாம எல்லாரும் முதல்ல பார்த்தது உங்க வீட்டு மாடியில, நீங்க வாடகைக்கு எடுத்துட்டு வந்த சிடியில. கண்ணாடியை உடைச்சுட்டு பைக் உள்ள வந்தப்போ விசில் அடிச்சது நீங்க. கீழ இருந்து உங்க அப்பா சத்தம் போட்டார். சிடியை ரிவைண்ட் பண்ணி அந்த இடத்தைத் திரும்ப ஓட்டினதும் நீங்கதான்.

நேத்து ரெண்டு தடவை கூப்பிட்டிருந்தீங்க, நான் எடுக்கல. இதைப் படிச்சுட்டுத் திரும்பக் கூப்பிட வேண்டாம். "சும்மா ஜாலிக்கு"ன்னு சொல்வீங்க, நானும் பரவாயில்லன்னு சொல்லிடுவேன், அந்த ஸ்க்ரீன்ஷாட் பாட்டுக்குச் சுத்திட்டே இருக்கும். அந்தக் குழுவுக்கே போங்க. அதே பதிவுக்குக் கீழ, உங்களுக்கும் அந்தப் படம் பிடிக்கும்னு எழுதுங்க. உங்ககிட்ட யாரும் எந்தக் கேள்வியும் கேட்க மாட்டாங்க.