வேதியியல் மதிப்பெண் மட்டும் போதாது

வேதியியலில் நல்ல மதிப்பெண் வாங்கும் பிள்ளையைத் தயங்காமல் கெமிக்கல் இன்ஜினியரிங்கில் சேர்க்கலாம், வேலை உறுதி என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்கிறது. தென்னாப்பிரிக்காவில், டர்பனில் நம் பெற்றோர் பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

இன்ஜினியரிங்கில் வெப்பம் எப்படிக் கடத்தப்படுகிறது, குழாயில் திரவம் எப்படி ஓடுகிறது, பெரிய கலனில் வினை கட்டுக்குள் நிற்குமா என்பதுதான் முக்கியப் பாடம். பெரும்பாலும் கணிதமும் இயற்பியலும். செகுண்டா நகரில் சாசோல் நிறுவனம் நிலக்கரியிலிருந்து எரிபொருள் எடுப்பதைப் பாருங்கள். அதற்கு அடிப்படையான ஃபிஷர்-டிராப்ஷ் வினையை 1920களில் ஜெர்மனியில் கண்டுபிடித்தவர்கள் வேதியியலாளர்கள். அதை இரவு பகலாக ஓடும் ஆலையாக்கியது பொறியாளர்கள். வினை ஏன் நடக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருக்கும் பிள்ளையை ஆலைக் கணக்குக்குத் தள்ளினால், பாவம், வாடிப்போகும்.

நம் பள்ளிகளில் இயற்பியல், வேதியியல் இரண்டும் பிசிக்கல் சயின்சஸ் என்ற ஒரே பாடம். மெட்ரிக் (பள்ளி இறுதித் தேர்வு) மொத்த மதிப்பெண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். முதல் தாள் இயற்பியல், இரண்டாம் தாள் வேதியியல், தனித்தனியாகப் பாருங்கள். கணிதத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

அப்புறம் வேலை உறுதி என்ற பேச்சு. டர்பன் தெற்கில், மெரபேங்க் பக்கம் இருந்த இரண்டு எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளும் 2020க்கும் 2022க்கும் இடையில் சுத்திகரிப்பை நிறுத்திவிட்டன. எந்தப் பட்டமும் உத்தரவாதம் தராது.

வேதியியல் படித்தால் பி.எஸ்சி. 3 ஆண்டு, ஆனர்ஸ் 1 ஆண்டு. இன்ஜினியரிங்கும் 4 ஆண்டுதான். ஆகவே காலக் கணக்கை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.